ஐந்தாம் படியில் கொண்டல்சாமியின் குரல்

கொண்டல்சாமி இறந்து ஒரு வருஷம் முடியப்போகிற சமயம், கரிசல்பேட்டை ஹாக்கி மைதானத்தில் வைகாசிப் போட்டியின் முதல் ஆட்டம் தொடங்கிய ஏழாவது நிமிஷத்தில், கிழக்குப் படிக்கட்டின் ஐந்தாம் படியில் யாரும் உட்காராத ஓர் இடத்திலிருந்து அவருடைய குரல் எழுந்து, "எடது பக்கம் தொறந்து கெடக்கு, தள்ளிக் குடுலே!" என்று கத்தியது. உள்ளூர் அணிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் தள்ளினான். அங்கே நின்றவன் வாங்கிக்கொண்டு ஓடி அடித்தான், கோல் விழுந்தது. படிக்கட்டில் இருந்த முந்நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். தட்டி முடித்து உட்காரும்போதுதான் சிலருக்குக் கொண்டல்சாமி செத்துப்போனவராயிற்றே என்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

காலியிடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெயிலுமுத்து மட்டும் கைதட்டவில்லை. 

கொண்டல்சாமி தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். விரல் நுனிகளில் எந்நேரமும் சிவப்பு மையோ பச்சை மையோ இருக்கும். வெளியே அவருக்குக் குரலே கிடையாது. டீக்கடையில் அவர் டீ சொன்னால் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் டீ வரும், பஸ்ஸில் அவர் நிறுத்தம் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்கிவிடுவார்கள். ஆனால் கிழக்குப் படிக்கட்டில் ஐந்தாம் படியில் வந்து உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்கி மட்டை பந்தில் பட்டுவிட்டால், அந்த மனிதரின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பும், மேற்குக் கோல் கம்பம்வரை போய் முட்டித் திரும்பும், மைதானத்தில் ஓடுகிறவர்கள் கண்ணால் பார்க்காததையும் அந்தக் குரலால் பார்த்துக்கொள்வார்கள். அவர் யாரையும் திட்ட மாட்டார், யாரையும் புகழ மாட்டார். எங்கே இடம் காலியாக இருக்கிறது, யார் யாரை விட்டுவிட்டான், பந்து எதில் பட்டது, இதைத்தான் சொல்வார். கண்ணில் பட்டது வாயில் வந்துவிடும், நடுவில் வேறு எதுவும் கிடையாது.

வெயிலுமுத்து பத்திரம் எழுதுகிறவர், பதிவு அலுவலகத்துக்கு எதிரில் மேஜை போட்டிருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், கொண்டல்சாமி ஒரு வகுப்பு மூத்தவர். இருபத்தாறு வருஷம் அந்த ஐந்தாம் படியில் தோளும் தோளும் இடிக்க உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் வறுத்த கடலை தின்று, வெயில் ஏறினால் ஒரே துண்டின் இரண்டு முனைகளை இரண்டு தலைகளில் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள்.

அதெல்லாம் ஒரு இறுதி ஆட்டத்தோடு முடிந்தது. ஆளுக்கொரு கோல் என்று நின்ற ஆட்டத்தில், முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, வெளியூர்க்காரன் அடித்த பந்து கோலுக்குள் நுழையப்போனது. கோட்டுமேல் நின்ற நம் ஆள் அதைத் தடுத்துவிட்டான். மட்டையால் தடுத்தானா காலால் தடுத்தானா என்பது கூட்டத்துக்குள் மறைந்திருந்த நடுவருக்குத் தெரியவில்லை. காலால் தடுத்தால் குற்றம். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயங்கிய அந்த ஒரு நொடியில், மைதானமே மூச்சை அடக்கியிருந்த அந்த ஒரு நொடியில், ஐந்தாம் படியிலிருந்து குரல் எழுந்தது.

"கால்! நம்ம ஆளு கால்ல பட்டுச்சு!"

பல வருஷமாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய நடுவர் விசிலை ஊதிவிட்டார். தனியாக நின்று அடிக்கிற அடி எதிரணிக்குக் கிடைத்தது. கோல். கோப்பை வெளியூர் பஸ்ஸில் ஏறிப் போனது.

மறுநாள் கிழக்குப் படிக்கட்டு ரசிகர் சங்கம் கூடியது. செயலாளர் ஆதிநாராயணன், இரும்புக்கடை வைத்திருப்பவர், மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"எதிரி கத்துனாப் பரவால்லய்யா. நம்ம படியில உக்காந்துக்கிட்டு, நம்ம கடலையத் தின்னுக்கிட்டு, நம்ம ஆளையே காட்டிக் குடுக்கான். இவன் உள்ள இருக்கணுமா?"

"பட்டது நெசம்தான" என்று கொண்டல்சாமி சொன்னார். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வெயிலுமுத்துவுக்கு மட்டும் கேட்டது.

ஆயுளுக்கும் படிக்கட்டில் உட்காரக்கூடாது என்று முடிவானது. தீர்மான நோட்டில் எழுத வேண்டியவர் வெயிலுமுத்து, ஏனென்றால் சங்கத்தில் அவர் கையெழுத்துத்தான் முத்து முத்தாக இருக்கும். அவர் எழுதினார். மேற்படி கொண்டல்சாமி மேற்படி படிக்கட்டில் தமக்கு இதுநாள் வரை இருந்துவந்த சகல பாத்தியதைகளையும் இன்று முதல் இழந்தவராகிறார் என்றும், இனி அவரோ அவரது வாரிசுகளோ மேற்படி இடத்தில் எவ்வித உரிமையும் கொண்டாட முடியாது என்றும், பத்திரத்தில் எழுதிப் பழகிய கையால், பிள்ளையில்லாத மனிதருக்கு வாரிசுகளையும் சேர்த்து எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் வெயிலுமுத்துவும் போட்டார்.

கொண்டல்சாமி அதை வாங்கி, அச்சுப் பிழை பார்க்கிற மாதிரி வரிவரியாகப் படித்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு வெயிலு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று வைகாசி. சுவருக்கு உள்ளே ஆட்டம் நடக்கும், சுவருக்கு வெளியே உடைமரத்தடியில் கொண்டல்சாமி நிற்பார். மட்டையில் பந்து படுகிற சத்தத்தைக் காதால் கேட்பார், கூட்டம் கத்துவதைக் கேட்பார். கண்ணில் படாததால் வாயில் எதுவும் வரவில்லை, மூன்று வருஷமும் அவர் ஒரு சத்தம் போடவில்லை. ஊரும் அவரோடு பேசவில்லை. வெயிலுமுத்து பேசுவதாகத்தான் இருந்தார். இந்த வாரம் போகலாம், பொங்கலுக்குப் போகலாம், சங்கத்தில் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தார். கொண்டல்சாமி வீடு இருந்த அச்சகத் தெரு வழியாகப் போக வேண்டிய வேலைகளுக்கெல்லாம் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போனார்.

மூன்றாவது வைகாசியில், அரையிறுதியில் ஜெயித்த அன்று சாயங்காலம், கூட்டம் மேளம் அடித்துக்கொண்டு கிழக்குச் சுவரோரமாக ஊருக்குள் போனது. நூற்றைம்பது பேர் இருக்கும். உடைமரத்தடியில் கொண்டல்சாமி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அந்தக் கண் தன்னையே பார்ப்பதாக வெயிலுமுத்துவுக்குத் தோன்றியது. ஜெயித்த நாளில் இப்படி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று எரிச்சலும் வந்தது, வெட்கமும் வந்தது. முகத்தை மேளக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார்.

கூட்டமெல்லாம் போன பிறகு கூடையை எடுக்க வந்த கடலைக்காரம்மாதான் தொட்டுப் பார்த்துக் கூப்பாடு போட்டாள். முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட கொண்டல்சாமியின் குரல்தான் மறு வருஷம் ஐந்தாம் படிக்குத் திரும்பி வந்தது. தடை செத்தவருக்கும் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் மிகச் சுலபமாக இருந்தது. முதல் நாள் அந்த இடத்தில் யாரும் உட்காராமல் விலகி உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் யாரோ ஒரு துண்டை விரித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு பொட்டலம் கடலையும் வந்தன, கடலையை எறும்பு தின்றது. வெளியூர் அணியின் மேனேஜர் செத்தவர் யோசனை சொல்வது நியாயமில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தார். போட்டிக் குழு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பார்வையாளர் சத்தம் போடலாம் என்று இருக்கிறது, அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று பதில் கொடுத்தது. ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாத தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலைவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார்கள். மகளுக்கு வந்த இரண்டு வரன்களில் எதை முடிப்பது என்று ஒருத்தி அந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் குரல், "வலது பக்கம் போ, வலது பக்கம் போ" என்று கத்தியது. மைதானத்துக்கு வலப்பக்கத்துத் தெரு மாப்பிள்ளைக்கே அவள் மகளைக் கட்டிக் கொடுத்தாள்.

வெயிலுமுத்துவும் ஒருநாள் பேசிப் பார்த்தார். இடைவேளைக்கு முன்னால், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "கொண்டலு, அன்னைக்கு ஒன்னப் பாத்தேன்" என்றார். "பாத்துட்டுத்தான் போனேன்" என்றும் சொன்னார்.

"நடுவுல ஆளே இல்ல, நடுவுல ஆளே இல்ல!" என்று குரல் கத்தியது. மைதானத்தின் நடுவில் உண்மையிலேயே ஆள் இல்லை.

அந்த வருஷம் கரிசல்பேட்டை கோப்பையை எடுத்தது. அன்றிலிருந்து ஊரில் கொண்டல்சாமிக்குச் சிநேகிதராக இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. கடைசியாக அவருக்குத் தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னவர்களை மட்டும் கணக்கெடுத்தால் அவர் ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டுச் செத்திருக்க வேண்டும். படிக்கட்டுக்கு மேலே மாலை போட்ட படம் ஏறியது. அடுத்த வைகாசிக்குக் கோப்பையே அவர் பெயரில் என்று முடிவானது. விழா மலர் போடுவதற்கு முன்னால் ஆதிநாராயணன் சங்கத்தின் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வெயிலுமுத்துவின் மேஜைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அந்தத் தடை எழுதுன பக்கம் ஒண்ணு இருக்குல்லா. நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டான்னா அசிங்கம். அதே தேதிக்கு வேற எழுதிருங்க."

"என்ன எழுத?"

"சங்கத்தோட தூண்னு எழுதுங்க. ஒரு ஆட்டம் விடாம நம்மகூடவே உக்காந்து பாத்தவர்னு எழுதுங்க. ஒங்க கையில வந்தா அழகா வரும்."

வெயிலுமுத்து பேனாவை மூடிவைத்தார். பிறகு திறந்தார். பழைய நோட்டைப் பிரித்துப் பக்கத்தை மாற்றிக் கோர்த்தார். அதே மையில், அதே சாய்வில், அதே தேதியிட்டு எழுதினார். எல்லோரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அவரும் போட்டார்.

விழாவுக்குக் கொண்டல்சாமியின் மனைவி சீனியம்மாளைக் கூப்பிட ஆள் போனது. பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீஸில் லீவு கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். குரலைக் கேட்கவும் அவள் ஒருநாளும் வரவில்லை.

அந்த வைகாசியில் அரையிறுதி ஆட்டம். ஆட்டம் சமனில் நிற்கிறது. எதிரணி அடித்த பந்து கோட்டருகே வந்தது, நம் ஆள் தடுத்தான், நடுவர் தயங்கினார். மாலை போட்ட படத்துக்குக் கீழே, விரித்த துண்டுக்கு மேலேயிருந்து குரல் கொஞ்சமும் கூசாமல், கொஞ்சமும் இழுக்காமல் எழுந்தது.

"கால்! நம்ம ஆளு கால்ல பட்டுச்சு!"

விசில். அடி. கோல். தோல்வி.

 அப்புறம் யாரோ துண்டை இழுத்து எறிந்தார்கள், செம்பு உருண்டு கடைசிப் படிவரை போனது. வாழைப்பழத் தோல்களும் கடலைத் தோல்களும் அந்த வெறும் இடத்தின்மேல் வந்து விழுந்தன. தண்ணீர் கொடுத்ததாகச் சொன்ன வாய்களே, "செத்தும் புத்தி மாறலயே இவனுக்கு" என்றன. சங்கம் அங்கேயே கூடியது. குரலை வாசல் கேட்டில் ஆள் நிறுத்தித் தடுக்க முடியாது, அதற்குக் கடிதம் கொடுக்க முடியாது. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வேறு இருந்தது. கடைசியில் ஆதிநாராயணன் சொன்னார்.

"பொண்டாட்டி வந்து போகச் சொன்னா போயிருவான். வெயிலண்ணாச்சி, நீங்க போய்ச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் பழக்கம்."

வெயிலுமுத்து ஐந்து வருஷமாகப் போகாத அச்சகத் தெருவுக்குள் போனார். சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்து தீக்குச்சி மருந்து ஒட்டிய விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் வந்த விஷயத்தை நின்றுகொண்டே சொன்னார். அவள் கையைக் கழுவி முடித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா கொழுந்தனாரே. அவுக செத்த அன்னைக்கு நீங்களும் அந்தச் சொவரு வழியாத்தான வந்தீக?"

"ஆமா மதினி."

"பாத்தீகளா?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது போய் மறையும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்."

சீனியம்மாள் தலையை ஆட்டினாள், தெரிந்த கணக்கு ஒன்று சரியாக வந்த மாதிரி.

"வழியில வந்த அத்தன பேர்ட்டயும் கேட்டுட்டேன். எல்லாருமே பாக்கலன்னுதான் சொன்னாக. மேளத்துக்காரன்கூடப் பாக்கலங்கான். பாத்தேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

வெயிலுமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு படி ஏறி அவள் பக்கத்தில் வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுக்காக ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிடாதீக. நாளைக்கு வாரேன்னு போய்ச் சொல்லுங்க."

மறுநாள் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து சீனியம்மாள் வேலைச் சேலையோடு கிழக்குப் படிக்கட்டில் ஏறினாள். முந்நூறு பேரும் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஐந்தாம் படியில் கிடந்த தோல்களையும் காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள், முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் வெயிலுமுத்து, நடுவில் குரல். அது நேற்று நடந்தது எதுவும் தெரியாமல், தன்மேல் தோல் எறிந்த அதே ஊருக்காக, இடது பக்கம் திற, பின்னால் ஆள் வருகிறான், விடாதே, விடாதே என்று கத்திக்கொண்டிருந்தது. அவள் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை விசில் ஊதிக் குரல் நின்றதும், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒங்களோட குடும்பம் நடத்துனது இருவத்திரெண்டு வருசம். இவ்வளவு பெரிய சத்தம் உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எல்லாத்தையும் இங்கயே கொட்டிட்டு, எனக்குச் சும்மா உமியக் கொண்டாந்தீக."

ஆதிநாராயணன் இரண்டு படி கீழே நின்று, "போகச் சொல்லுங்கம்மா, சீக்கிரம் சொல்லுங்க, ரெண்டாம் பாதி ஆரம்பிச்சுருவான்" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரிக் குனிந்தாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம். இவுகளோட உக்காந்தது போதும்."

 பிறகு வெயிலுமுத்துவின் தோளில் இதுவரை பட்டுக்கொண்டிருந்ததாக அவருக்கே தெரியாத ஒரு சூடு விலகியது. சீனியம்மாள் எழுந்தாள். தன் ஒரு கையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, படியில் கால் இடறாமல் யாரையோ இறக்கிக் கூட்டிப்போகிறவளாக மெல்ல மெல்ல இறங்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டாம் பாதியில் ஐந்தாம் படியிலிருந்து சத்தம் வரவில்லை. ஊர் நிம்மதியாகக் கைதட்டியது.

அந்த நிம்மதி ஒரு வருஷம் இருந்தது. மறு வைகாசியில் கரிசல்பேட்டை முதல் சுற்றிலேயே மூன்று கோல் வாங்கி வெளியே போனது. இடது பக்கம் திறந்து கிடந்தது, சொல்ல ஆளில்லை. அன்றே சங்கம் பழத்தட்டும் மாலையும் பொன்னாடையும் எடுத்துக்கொண்டு அச்சகத் தெருவுக்குப் போனது. வந்து உட்காரச் சொல்லுங்கம்மா, இனி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறோம் என்று ஆதிநாராயணன் வாசலில் நின்று குரல் உடையச் சொன்னார். சீனியம்மாள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

வெயிலுமுத்து அவர்களோடு போகவில்லை. நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிவாக்கில், தனியாகப் போனார். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

கொண்டல்சாமிதான் பேசிக்கொண்டிருந்தார். கத்தவில்லை. வாழ்நாளெல்லாம் பேசிய அதே அடங்கிய குரலில், மிஷினில் காகிதம் எப்படிச் சிக்கும், பச்சை மைக்குமேல் சிவப்பை ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. நடுநடுவே சீனியம்மாள், "அப்பறம்?" என்றாள். ஒரு இடத்தில் சிரித்தாள். அவள் சிரித்து வெயிலுமுத்து கேட்டதே இல்லை.

அவர் வெகுநேரம் நின்றார். வெயில் முதுகில் ஏறியது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவருகே போய், "கொண்டலு" என்று கூப்பிட்டார்.

பேச்சு நின்றது. அவளுடைய சத்தமும் நின்றது.

"நாந்தான், வெயிலு."

உள்ளே பாத்திரம்கூட அசையவில்லை. இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இரண்டு பேரும் அங்கேயே, கதவுக்கு நாலடி தூரத்தில், அவர் போவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அவர் இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை. தெருவில் இறங்கி நடந்தார். அச்சகம் தாண்டி, குழாயடி தாண்டி, முனை திரும்புகிறவரைக்கும் காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நடந்தார். அதுவரை அந்த வீட்டில் பேச்சு தொடங்கவில்லை.